இருபத்தேழு ரூபாய்

இரவு எட்டே முக்கால். காரைக்குடி செக்காலை ரோட்டில்
பாதி ஷட்டர்கள் இறங்கிவிட்டன.
எங்கள் ஹார்டுவேர் கடையில் மட்டும்
இருபத்தேழு ரூபாய் இடிக்கிறது.

ஏட்டில் இருக்கிறது, கல்லாவில் இல்லை.
மூன்று முறை எண்ணியாயிற்று,
சில்லறை டப்பாவைக் கவிழ்த்து,
மேஜைக்கடியில் டார்ச் அடித்து.

“விடுங்க உமையாக்கா,
என் டீக்காசுல போட்டுடறேன்” என்கிறான் பொன்னழகு.
ஒன்பது மணி மினிபஸ்ஸை விட்டால்
புதுவயலுக்கு அவன் நடக்க வேண்டும்.
முதலாளி வயிரவன் சட்டைப் பையையே தொட்டுவிட்டார்:
“இதைத் தேட எரியிற கரண்டு
முப்பது ரூபாய் ஆகுமேம்மா.”
நியாயம்தான்.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில்
சேவுகன் அண்ணன் இருந்தார்.
திருடர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
குறைந்த நாளில் தன் கையிலிருந்து போட்டார்,
கூடின நாளில் எடுத்துக்கொண்டார்,
சரியாப் போச்சு என்று பெட்டியைப் பூட்டினார்.
ஆறு வருஷம் எல்லா நாளும் சரியாய்ப் போனது.
ஏழாம் வருஷம் ஆடிட்டர் வந்து கேட்டபோது
எது போட்டது, எது எடுத்தது
அவருக்கே தெரியவில்லை.
ஒரு லட்சத்துப் பதினாலாயிரம்.
அவ்வளவும் பத்தும் இருபதுமாய்ப் போனதா,
நடுவில் வேறு யாரும் கை நனைத்தார்களா,
இனி யார் சொல்வது?
திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனி கேட்டில்
காவலுக்கு நிற்கிறாராம்.
அவர் விட்டுப்போன ஸ்டாம்ப் திண்டுக்கு
நான்தான் இப்போது மை ஊற்றுகிறேன்.

இருபத்தேழு ஒன்பதால் வகுபடும்.
அப்படியென்றால் யாரோ
பக்கத்துப் பக்கத்து எண்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம்.
பில் புத்தகத்தைத் திருப்புகிறேன்:
கீல், கொண்டி, இரண்டங்குல ஆணி அரைக்கிலோ,
பள்ளத்தூர்க் கதவுக்குப் பித்தளைக் குமிழ்,
பிரைமர், எலிப்பொறி நாலு.
நூற்றுப் பன்னிரண்டாம் பில்லில்
நாலாயிரத்து எழுநூற்றுப் பதினாலு.
ஏட்டில் நாலாயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று.

பொன்னழகு எட்டிப் பார்த்து
மெல்லப் பின்வாங்குகிறான்.
என் கையெழுத்து.

நாலரை மணி பில். நாலரைக்கு
போன் அடித்தது. திரையில் தங்கை பேர்,
தேவகோட்டையிலிருந்து தெய்வானை.
எடுக்கவில்லை.
அடித்து ஓயும்வரை அதைப் பார்த்தபடியே
எழுதியிருக்கிறேன்.

மாசியில் அவள் மகனுக்குக் காதுகுத்து.
பந்தியில் பாயசத்தை வாயில் வைத்துவிட்டு
“சீனி விலை ஏறிப்போச்சோ?” என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.
மறுவாரம் என் எவர்சில்வர் தூக்கு திரும்பி வந்தது,
கழுத்துவரை சீனியோடு.
ஒரு போனில் முடிந்திருக்கும்.
அப்புறம் பேசிக்கலாம் என்றிருந்தேன்.
எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் கேட்கவில்லை,
தீபாவளிப் பலகாரத்தை நான்
பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.
போன வாரம், அம்மா வீட்டுப் பங்கைப் பற்றிப் பேசும்போது
வக்கீல் என்ற சொல்
எங்கள் குடும்பத்துக்குள் முதல் தடவையாய் வந்தது.
கொண்டுவந்தது யார் என்பதில்
இரண்டு கருத்து இருக்கிறது.

சிவப்பு மையில் அடித்து,
பதினாலு என்று திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.
பொன்னழகு ஓடுகிறான். பஸ் நகர்ந்துகொண்டிருக்கிறது,
யாரோ கை நீட்டி அவனை ஏற்றுகிறார்கள்.
முதலாளி ஷட்டரை இறக்குகிறார்,
கடைசி அடியில் எப்போதும் சிக்கும்,
எண்ணெய் விடணும் என்று எப்போதும் சொல்வார்,
கடையில் எண்ணெய் இருபது டப்பா இருக்கிறது.

எதிரே பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம்.
கொஞ்சம் தள்ளிப் போய் நின்று
போனை எடுக்கிறேன்.

ஐந்தாவது மணியில் எடுக்கிறாள்.
ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் டி.வி. ஓடுகிறது.
பிறகு யாரோ அதன் சத்தத்தைக் குறைக்கிறார்கள்.

“அந்தச் சீனி” என்று
தொடங்குகிறேன்.